பணத்தெருவில் பகலுணவு

வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளையின் கடிதம் வந்தால், சம்பளம் என்ன, வீட்டு வாடகை என்ன என்பதைத் தகப்பனார் தேடிப் படிப்பார். வேளைக்குச் சாப்பிடுகிறானா, எங்கே சாப்பிடுகிறான் என்பதைத் தாயார் தேடிப் படிப்பார். இன்று கடிதம் நின்று கைப்பேசி வந்துவிட்டது. கேள்விகள் மாத்திரம் மாறவில்லை. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர்களிலும் இடுக்கி மலைச் சரிவுகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பிழைப்பின் பொருட்டு ஒருவரையேனும் பெருநகரத்துக்கு அனுப்பாத வீடு அரிது. அவ்வாறு சென்றவர்களுள் பலர் வேலை பார்ப்பது வங்கிகளும் பங்குச் சந்தையும் வாணிபக் கம்பெனிகளும் நெருங்கி நிற்கும் தெருக்களில்தான். அத்தெருக்களில் நம்மவர் எங்கே உண்டனர், யாரோடு அமர்ந்து உண்டனர், இன்று எப்படி உண்கின்றனர் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நம் வாசகர்களுக்குப் பயனுடையதாகும் என்று கருதுகிறோம்.

இந்தியாவில் பணத்தெரு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பம்பாய். 1995-ல் மும்பை என்று பெயர் மாறிய அந்நகருக்குப் பாலக்காட்டிலிருந்து சென்றவர்கள் எண்ணற்றோர். ஆகவே அந்நகரத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

கோட்டை இல்லாத கோட்டை

பம்பாயில் 'கோட்டை' என்று வழங்கும் பகுதியில் இன்று கோட்டை இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் எழுப்பிய மதில்கள், கவர்னர் பார்ட்டில் ஃபிரேர் காலத்தில், 1860-களில் இடிக்கப்பட்டன. அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரினால் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு போவது தடைப்பட, நம் நாட்டுப் பஞ்சுக்கு விலை ஏறிப் பம்பாயில் பணம் குவிந்த காலம் அது. மதில் நின்ற இடத்தில் பெரிய கட்டடங்கள் எழுந்தன. 1875-ல் பங்குத் தரகர்கள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அவர்கள் கூடிய தெருவுக்குத் தலால் தெரு என்று பெயர் ஏற்பட்டது. தலால் என்பது தரகரைக் குறிக்கும் சொல். 1887-ல் விக்டோரியா ரயில் நிலையக் கட்டடம் முடிந்தது. 1935-ல் தோன்றிய ரிசர்வ் வங்கி, தன் மத்திய அலுவலகத்தை 1937-ல் கல்கத்தாவிலிருந்து இங்கு மாற்றிக்கொண்டது.

நம் மலைக்கும் இத்தெருவுக்கும் நேரான தொடர்பும் உண்டு. டாட்டா குழுமத்தின் தலைமையகமாகிய 'பாம்பே ஹவுஸ்' 1924 முதல் இக்கோட்டைப் பகுதியில்தான் இருக்கிறது. மூணாற்றின் கண்ணன் தேவன் தோட்டங்கள் ஸ்காட்லாந்துக் கம்பெனியாரிடமிருந்து டாட்டா கைக்கு வந்து, 2005 வரையில் அவர்களிடம் இருந்தன. கொழுந்து பறித்த கைகள் மலையில் இருக்க, கணக்கை நிறைவு செய்த கைகள் இத்தகைய தெருக்களில் இருந்தன. அந்தக் கணக்கு மேசைகளில் அமர்ந்தவர்களிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் இருந்தனர்.

பாலக்காட்டுப் பக்கத்து இளைஞர்கள் பள்ளியிறுதித் தேர்வை முடித்து, தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பழகி, தகரப் பெட்டியுடன் ரயில் ஏறினர். கொங்கண் ரயில் பாதை 1998-ல் முழுவதும் திறக்கப்படும்வரை, கோயம்புத்தூர், சேலம் கடந்து ஆந்திரத்தின் வழியாகச் சுற்றியே பம்பாய் சேர வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தவர்களுக்கு அலுவலகத்தில் நாற்காலி கிடைத்தது. பகல் ஒரு மணிக்கு அந்த நாற்காலியை விட்டு எழுந்து எங்கே போவது என்பதே அடுத்த கேள்வியாக இருந்தது.

டப்பாவும் மெஸ்ஸும்

குடும்பத்துடன் இருந்தவர்களுக்கு விடை சுலபம். 1890-ல் மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் தொடங்கிவைத்த டப்பாவாலா ஏற்பாடு அவர்களுக்கு உதவிற்று. புனேயைச் சுற்றிய கிராமங்களிலிருந்து வந்த மராட்டியர்கள், வெள்ளைக் குல்லாய் அணிந்து, காலையில் வீடு வீடாகச் சென்று அடுக்குப் பாத்திரத்தை வாங்கி, ரயிலில் ஏற்றி, நண்பகலில் அலுவலக வாசலில் சேர்ப்பர். பாத்திரத்தின் மூடியில் தீட்டிய எழுத்தும் எண்ணும் நிறமுமே விலாசம். 2020-ல் பெருந்தொற்று பரவுவதற்கு முன் சுமார் ஐயாயிரம் பேர் இத்தொழிலில் இருந்தனர். காலையில் மாட்டுங்காவில் கொதித்த சாம்பார், நண்பகலில் கோட்டையில் ஒருவருடைய மேசைக்கு வந்து சேரும் என்பது அக்காலத்தில் ஊர்ப் பெரியவர்களுக்கு வியப்பாகவே இருந்தது.

தனி ஆட்களின் பாடு வேறு. ஓர் அறையில் நால்வர், ஐவர் என்று தங்கிய அவர்களுக்கு அடுப்பு வைக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. அவர்களைத் தாங்கியவை மெஸ்களும் 'லஞ்ச் ஹோம்'களுமே. 1937-ல் மாட்டுங்காவில் மணீஸ் லஞ்ச் ஹோம் தொடங்கிற்று. 1942-ல் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த ராம நாயக்கர், மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே ஸ்ரீ கிருஷ்ண போர்டிங்கைத் தொடங்கினார். வாழை இலையில் சோறு, ரசம், மோர் என்று வரிசையாகக் கிடைக்கும் இடம், ஊரை விட்டு வந்தவனுக்கு வெறும் கடையாக இராது. வேலை காலியாக இருக்கும் கம்பெனி எது, வாடகைக்கு அறை எங்கே கிடைக்கும், ஊருக்குப் போகிறவர் யார் என்ற செய்திகளும் அங்கேதான் பரிமாறப்பட்டன.

இத்துடன் மற்றொரு கூட்டத்தாரையும் மறக்கலாகாது. தாராவியில் குடியேறிய தமிழர்கள், விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, பாத்திரங்களில் சுமந்தும் மிதிவண்டியில் கட்டியும் நகரெங்கும் விற்று வருகின்றனர். அலுவலக வாசலில் நின்றபடி இரண்டு இட்லி தின்று மாடியேறும் குமாஸ்தாவுக்கு, அவர்களே காலை நேரத்து அன்னதாதாக்கள். பெரிய உணவு விடுதிகளின் வரலாற்றை எழுதுவோர் இவர்களை எழுதுவதில்லை. ஆனால் பணத்தெருவின் பசியை ஆற்றியதில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

பளிங்கு மேசை

கோட்டைப் பகுதிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட விரும்பியவர்களுக்கு இரானிக் கடைகள் இருந்தன. ஈரான் நாட்டின் யஸ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் வந்த ஜொராஷ்டிர மதத்தினர் இவற்றை நடத்தினர். அவர்களும் நம்மைப் போலவே ஊர் விட்டு வந்தவர்கள். தெருமுனை மனை ஆகாது என்று மற்ற வணிகர்கள் ஒதுக்கியதால் அவை இரானியருக்குக் கிடைத்தன என்று சொல்வார்கள். இரண்டு பக்கமும் வாசல், பளிங்குக்கல் பதித்த மேசை, வளைந்த மர நாற்காலி, சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி, கல்லாவில் முதலாளி. இதுவே இரானிக் கடையின் தோற்றம். 1904-ல் தொடங்கிய கயானி கடையும், 1923-ல் பல்லார்ட் எஸ்டேட்டில் தொடங்கிய பிரிட்டானியா கடையும் இவற்றுள் பெயர் பெற்றவை.

அங்கே முட்டையும் இறைச்சியும் உண்டு. சைவ உணவுக்காரராகிய நம்மவர் பலர் அவற்றைத் தொடாமல், வெண்ணெய் தடவிய ரொட்டியும் பால் மிகுந்த தேநீரும் அருந்தி எழுந்தனர். ஆயினும் அவர்கள் அமர்ந்த மேசையில் எதிர்நாற்காலி காலியாக இருந்தால் யார் வேண்டுமானாலும் வந்து அமரலாம். தரகர், துறைமுகக் கூலி, போரா வணிகர், வண்டியோட்டி, சுருக்கெழுத்தர் ஆகியோர் ஒரே மேசையில் முழங்கை இடிக்க அமர்ந்தனர். கடைக்காரர் வைத்த விதிமுறைப் பலகைகள் உண்டு. நெடுநேரம் உட்காராதே, சண்டை போடாதே என்ற வகையான கட்டளைகள் அவற்றில் இருக்கும். சாதியைக் கேட்கும் வரி அவற்றில் இல்லை. காசு கொடுத்தவனுக்குத் தேநீர், அவ்வளவே. இதை முதலாளியின் கொள்கை என்பதைவிட வாணிபத்தின் இயல்பு என்பதே பொருந்தும். எனினும் அதன் பயன் சிறியதன்று.

நம் ஊர்ப் பந்தி

அப்பயன் எத்தகையது என்பதை உணர, அதே காலத்தில் நம் ஊர்ப் பந்தி எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டிலும் மலபாரிலும் காப்பிக் கிளப்புகளில் ஒரு சாதியார்க்கு உள்ளறை, பிறர்க்கு வெளித் திண்ணை என்ற வழக்கம் இருந்தது. சிலருக்குத் திண்ணையும் இல்லை. ரயில் நிலைய உணவு விடுதிகளிலும் பிராமணர்க்கு ஓர் இடம், பிராமணரல்லாதார்க்கு ஓர் இடம் என்ற பிரிவு இருந்து, பெரியாரும் பிறரும் நடத்திய கிளர்ச்சிகளுக்குப் பின் 1941-ல் நீங்கிற்று. பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1924-ல் தேர்த் திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவில் நடந்த ஈழவர்கள் தாக்கப்பட்டனர். தெருவில் நடக்கவே இவ்வளவு தடை என்றால், ஒன்றாக உண்பது எங்கே!

அக்கல்பாத்திச் சமூகத்திலிருந்தே ஒருவர் இதற்கு எதிராக எழுந்தார் என்பது நமக்குப் பெருமை. டி. ஆர். கிருஷ்ணசாமி ஐயர் சமபந்தி போஜனத்தில் கலந்துகொண்டு, அதன் பொருட்டுத் தம் சமூகத்தாரால் விலக்கிவைக்கப்பட்டார். அவர் மனம் தளரவில்லை. பாலக்காட்டை அடுத்த அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை நிறுவி, எல்லாச் சாதிக் குழந்தைகளையும் ஒன்றாகத் தங்கவைத்து, ஒன்றாக உண்ணவைத்தார். காந்தியடிகள் அந்த ஆசிரமத்துக்கு வந்திருக்கிறார்.

நாட்டுச் சட்டமும் பின்னர் இதே திசையில் வந்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு, கடைகள், பொது உணவு விடுதிகள், ஓட்டல்கள் ஆகியவற்றுள் நுழைய மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் இவற்றைக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்று கூறுகிறது. பிறப்பிடம் என்ற சொல் அதில் இருப்பதைப் புலம்பெயர்ந்த நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் 1957-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில், ஓர் உணவு விடுதியின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரித் திராவிடர் கழகத்தார் மறியல் செய்யவேண்டியிருந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2017-ல் நம் பாலக்காட்டு எல்லையிலேயே, முதலமடையைச் சேர்ந்த கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் வாழும் தமிழ் பேசும் அருந்ததியர், தேநீர்க் கடையில் தங்களுக்குத் தனிக் குவளை வைக்கப்படுவதாக முறையிட்டதைப் பத்திரிகைகள் எழுதின. 2020-ல் இடுக்கியின் வட்டவடையில், முடிதிருத்தும் கடைகளில் இம்மக்களுக்கு இடம் மறுக்கப்பட்டதனால், ஊராட்சியே பொதுக் கடை ஒன்றைத் திறக்க நேர்ந்தது. பம்பாயின் பளிங்கு மேசையில் எவரோடும் அமரப் பழகிய நாம், நம் ஊர்த் தேநீர்க் கடைப் பலகையில் அவ்வாறு அமர்கிறோமா என்பதை ஒவ்வொருவரும் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

தலைப்பாகை அணிந்த முதலாளிகள்

பணத்தெருவின் உணவு விடுதிகளுள் நம் பகுதியோடு மிக நெருங்கிய உறவுடையது காப்பி ஹவுஸ். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் காப்பிக் கொட்டையின் விலை வீழ்ந்தது. உள்நாட்டில் காப்பி குடிப்போரைப் பெருக்கினால் தோட்டங்கள் பிழைக்கும் என்று கருதி, காப்பி வரிக் குழுவினர் 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் 'இந்தியா காப்பி ஹவுஸ்'ஸைத் திறந்தனர். கோட்டைப் பகுதி அலுவலகங்களிலிருந்து நடந்து செல்லும் தூரம் அது. நெல்லியாம்பதியிலும் இடுக்கி மலைகளிலும் காப்பி பயிராகிறது; ஆகவே நம் மலைத்தொழில் நகரத்து மேசையை நாடிச் சென்ற கதை இது. வெள்ளையர் சங்கங்களில் இந்தியர் நுழைய இயலாத அந்நாளில், வெள்ளைச் சீருடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் அணிந்த பணியாளர், இந்தியரான எவருக்கும் மரியாதையோடு காப்பி கொண்டுவந்து வைத்தார். எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் குமாஸ்தாக்களும் மணிக்கணக்கில் அமர்ந்து பேசும் இடமாக அது நாடெங்கும் பரவிற்று.

1950-களின் நடுவில், இக்கடைகளை மூடிவிடுவதென்று காப்பி வாரியம் முடிவு செய்தது. பணியாளர்கள் தெருவுக்கு வரும் நிலை. அவர்களுக்கு வழிகாட்டியவர் ஏ. கே. கோபாலன். வேலையைக் கொடு என்று கேட்பதோடு நில்லாமல், கடைகளையே நீங்கள் எடுத்து நடத்துங்கள் என்பது அவர் கூறிய யோசனை. 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் காப்பித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் டில்லியில் தொழிலாளர் நடத்தும் முதல் காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. 1958 மார்ச் 8-ஆம் நாள் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை திறந்தது. அவ்வாண்டிலேயே கண்ணூரிலும் ஒரு சங்கம் ஏற்பட்டது. 'இந்தியா காப்பி ஹவுஸ்' என்ற பெயர் 'இந்தியன் காப்பி ஹவுஸ்' ஆயிற்று. நேற்று வரை தட்டு ஏந்தியவர்கள், தங்களுக்குள் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்துத் தாங்களே முதலாளிகள் ஆனார்கள். பீட்ரூட்டினால் சிவந்த கட்லெட்டும் காப்பியும் இன்றும் கேரள நகரங்களில் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டும் விலையில் கிடைப்பது அவர்கள் முயற்சியின் பலனே.

கோபாலன் பிற்காலத்தில், 1971-ல், பாலக்காட்டுத் தொகுதியிலிருந்தே நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1961-ல், குமுளியை அடுத்த அமராவதியில், வெளியேற்றப்பட்ட குடியேறிகளுக்காக உண்ணாவிரதம் இருந்தவரும் அவரே. பிறர் உட்கார்ந்து உண்பதற்கு ஒரு மேசையைக் காத்துக் கொடுத்தவர், குடியிழந்தோர்க்காகத் தாம் உண்ணாதிருந்தார் என்பது நினைந்து போற்றத்தக்கது.

மதுக்கூடமும் கட்டுப்பாடும்

பணத்தெருவைப் பற்றி எழுதுகையில் மதுக்கூடங்களைப் பற்றிப் பேசாமல் விடுவது உண்மையை மறைப்பதாகும். வெள்ளையர் ஆட்சியில் பம்பாயின் பெரிய சங்கங்கள் சிலவற்றில் இந்தியர்க்கு இடமில்லை. 1913 முதல் 1918 வரை கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபு, இரு சாராரும் சேரக்கூடிய சங்கம் ஒன்றை ஏற்படுத்தியது அக்காலத்தில் பெரும் செய்தி. நம் மூணாற்றிலும் தோட்டத் துரைமார்களின் ஹை ரேஞ்ச் கிளப் இருந்தது. வேட்டைத் தலைகளும் பழைய துரைமார்களின் தொப்பிகளும் தொங்கும் அதன் மதுக்கூடம் பெயர் பெற்றது. லயங்களில் வாழ்ந்த நம் மக்கள் அதன் வாசலை வேலைக்காரராக மட்டுமே கண்டனர். தொழிலாளர்க்கு உணவுக் கூடம் வேண்டும் என்பதைச் சட்டம் ஆக்க 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 150 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களில் உணவுக் கூடம் அமைக்க வழிசெய்தது.

1933-ல் தாஜ் மகால் ஓட்டலில் 'ஹார்பர் பார்' திறந்தது. 1949-ல் பம்பாய் மாகாணம் மதுவிலக்குச் சட்டம் இயற்றிற்று. மொரார்ஜி தேசாயின் கண்டிப்பான ஆட்சியில் குடிப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை வந்தது. மறைவிடங்களில் சாராயம் விற்கும் வீடுகளும் கூடவே பெருகின. பின்னர்க் கட்டுப்பாடு தளர்ந்து, 1970-களில் 'பெர்மிட் ரூம்' என்ற பலகைகள் தோன்றின. அப்பெயர் இன்றும் கோட்டைப் பகுதித் தெருக்களில் தென்படுகிறது. நம் பாலக்காடும் சென்னை மாகாணத்தின் மதுவிலக்கில் இருந்து, 1967-ல் கேரள அரசு அதனை நீக்கியபோது விடுபட்டது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், சித்தூர்ப் பக்கத்துக் கள்ளுக் கடைகளுக்கு எல்லை கடந்து வருவோரை நாம் அறிவோம்.

இன்று பணத்தெருவில் மது, உத்தியோகத்தின் ஒரு பகுதி போலவே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலையில் மேலதிகாரி அழைக்கிறார், குழுவினர் எல்லோரும் போகிறார்கள், போகாதவன் ஒதுங்கியவன் ஆகிறான் என்று இளைஞர்கள் கூறுகின்றனர். இதில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. மகாராஷ்டிரத்தில் கடும் மதுவுக்குச் சட்டப்படி 25 வயது நிறைந்திருக்க வேண்டும். பீர் போன்றவற்றுக்கு 21. கேரளத்தில் அவ்வயது 23. கல்லூரி முடித்து இருபத்திரண்டில் வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு, மேலதிகாரி அழைத்தாலும் சட்டம் அனுமதிப்பதில்லை என்ற எளிய பதில் கையில் இருக்கிறது. வயது வந்தவர்களும், பழரசத்தை வாங்கி வைத்துக்கொண்டு கூட்டத்தில் சிரித்துப் பேசி வரலாம். அதனால் உத்தியோகம் போனதாக நாம் கேட்டதில்லை. குடித்துக் கெட்ட குடும்பங்களை நாம் மலையிலும் சமவெளியிலும் கண்டிருக்கிறோம்.

இன்றைய பணத்தெரு

கோட்டைப் பகுதியின் கூட்டம் இப்போது பழையபடி இல்லை. 1995-ல் பங்குச் சந்தையில் கூவி விற்கும் முறை நின்று கணிப்பொறி வந்தது. தேசியப் பங்குச் சந்தையும் 'செபி' என்னும் கட்டுப்பாட்டு வாரியமும் வைரச் சந்தையும் வடக்கே பாந்த்ரா–குர்லா வளாகத்தில் இருக்கின்றன. முன்னர்ச் சதுப்பு நிலமாக இருந்த இடம் அது. அங்கே கண்ணாடி மாளிகைகளின் கீழ்த்தளங்களில் ஜப்பானியச் சமையலும் இத்தாலியச் சமையலும் கிடைக்கின்றன. கோட்டையில் கால் ரூபாய்க்குத் தேநீர் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகள், அங்கே ஒரு வேளை விருந்துக்குச் செலவிடும் தொகை, மூணாற்றுத் தோட்டத் தொழிலாளியின் பல நாள் கூலிக்குச் சமமாக இருக்கக்கூடும்.

இங்கே நம் பெண்மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய இரானிக் கடைகளில் பெண்களுக்கென்று திரையிட்ட 'குடும்ப அறை' இருந்தது. தனித்து வரும் பெண்ணைக் கண்டால் பலர் திரும்பிப் பார்த்தனர். இன்று நம் பெண்கள் வங்கியில் அதிகாரியாக அமர்ந்து, தம் சம்பளத்தில், தம் தோழியரோடு, நடு மண்டபத்தில் உட்கார்ந்து உண்கின்றனர். அவர்களிடம் 'ஓட்டலில் என்ன வேலை?' என்று கேட்பது நியாயமன்று. இரவு நேரத்தில் பத்திரமாகத் திரும்பும் வழி இருக்கிறதா என்று கேட்பதே பொருத்தம்.

விருந்தின் முடிவில் வரும் பில்லைப் பற்றியும் சிறிது. பெரும்பாலான உணவு விடுதிகளில் உணவுக்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு ஐந்து. மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வரி தனியே வரும். 'சேவைக் கட்டணம்' என்று நூற்றுக்குப் பத்து போன்ற தொகையைச் சில விடுதிகள் தாமே சேர்ப்பதுண்டு. அதைக் கட்டாயமாகச் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது; 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. எனவே நீக்கச் சொல்லிப் பணிவாகக் கேட்கலாம். பரிமாறியவருக்கு மனமுவந்து கொடுப்பது வேறு. அதை அவர் கையிலேயே கொடுக்கலாம்.

பரிமாறும் கைகள்

அக்கைகளைப் பற்றிக் கூறி இதை முடிப்போம். 1966-ல் பம்பாயில் சிவசேனை தோன்றிய பின், வேலைகளையெல்லாம் தென்னாட்டார் பறித்துக்கொண்டனர் என்ற முழக்கம் எழுந்தது. அந்நாட்களில் தாக்குதலுக்கு உள்ளானவற்றுள் தென்னிந்திய உணவு விடுதிகளும் இருந்தன. சோறு போட்ட இடமே அந்நியரின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. அடுப்படியில் நின்றவரும் தட்டு ஏந்தியவரும் வயிற்றுப் பிழைப்புக்கு வந்த ஏழைகளே என்பதை அன்று பலர் எண்ணவில்லை. அக்காலத்தில் அங்கிருந்த நம் குடும்பங்கள் வேட்டி கட்டி வெளியே போகவும் தயங்கியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறோம்.

இப்போது காட்சி திரும்பியிருக்கிறது. பாலக்காட்டிலும் மூணாற்றிலும் குமுளியிலும் உணவு விடுதிக்குப் போனால், மேசையைத் துடைப்பவரும் பரோட்டா வீசுபவரும் அநேகமாக வங்காளத்திலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த இளைஞராக இருக்கிறார். ஏலத் தோட்டங்களிலும் அவர்கள் வந்துவிட்டனர். அவர்களுக்கும் ஊரில் ஒரு தாயார் இருக்கிறார், 'வேளைக்குச் சாப்பிடுகிறாயா?' என்று கைப்பேசியில் கேட்கிறார். அவர்களைப் 'பாய்' என்றும் 'பையா' என்றும் அதட்டி அழைப்பதும், மொழி தெரியாததைக் கேலி செய்வதும், அவர்களால்தான் ஊர் கெட்டது என்று பேசுவதும் நம் வீடுகளிலும் கேட்கின்றன. பம்பாயில் நம்மை நோக்கி வீசப்பட்ட சொற்களையே நாம் இப்போது பிறரை நோக்கி வீசலாமா?

நம் சங்கத்துக் குடும்பங்கள் இரண்டு காரியங்களைச் செய்யலாம் என்று வேண்டிக்கொள்கிறோம். நகரத்தில் இருக்கும் பிள்ளைகள், தங்களுக்குப் பரிமாறுகிறவரின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி அழைக்கப் பழகட்டும். ஊரில் இருக்கும் நாம், நம் தெருத் தேநீர்க் கடையில் எவருக்கும் தனிக் குவளையோ தனி இடமோ இருக்குமானால், அதை மாற்றச் சொல்லிக் கடைக்காரரிடம் நேரில் பேசுவோம். மாறும் வரையில் அங்கே குடிக்காதிருப்போம். சபரி ஆசிரமத்தின் பந்தியில் அமர்ந்தவர்கள் சாதிவிலக்கைப் பொறுத்துக்கொண்டு அதைச் செய்தார்கள். நமக்கு ஒரு குவளைத் தேநீரை விடுவதற்கு மேல் செலவில்லை.